பயிற்சி மருத்துவரைத் தனியே விடலாமா? திறன் அடிப்படை மதிப்பீடு: எளிய விளக்கம்

மருத்துவ மாணவர்கள் வார்டில் பயிற்சி எடுக்கும் காலத்தில் அவர்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "இப்போதெல்லாம் மார்க் கிடையாதாம், திறனைத்தான் பார்ப்பார்களாம்" என்பார் ஒருவர். "லாக்புக்கில் (செய்த வேலைகளைப் பதிந்துவைக்கும் ஏட்டில்) எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தால் முடிந்தது" என்பார் இன்னொருவர். தேர்வை எளிதாக்கிவிட்டார்கள், இனி மருத்துவர்களின் தரம் இறங்கிவிடும் என்று கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிக்கு உள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. படிவத்தை நிரப்பும் ஆசிரியருக்கும், அதில் கையெழுத்து வாங்க அலையும் மாணவருக்கும் அது எதற்காக என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

விஷயத்தின் நடுவில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: இந்த வேலையை இவரிடம் கொடுத்துவிட்டு, மேலே இருக்கும் மருத்துவர் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கலாம்? நோயாளியின் கட்டிலருகிலேயே நிற்க வேண்டுமா, அடுத்த அறையில் இருந்தால் போதுமா, வீட்டிலிருந்து போனில் பதில் சொன்னால் போதுமா? திறன் அடிப்படை மதிப்பீட்டில் வரும் படிவங்கள், அளவுகோல்கள், குழுக்கள் எல்லாமே இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைக் கண்டுபிடிக்க வந்தவை.

இந்தக் கட்டுரையில் 'பயிற்சி மருத்துவர்' என்று நான் சொல்வது, படிப்பின் கடைசிக் கட்டத்தில் மருத்துவமனையில் மற்றவர் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்ப்பவரை. சில நாடுகளில் அவர் இன்னும் மாணவர்தான். சில நாடுகளில் தற்காலிகப் பதிவு பெற்றவர். இன்டர்ன், ஹவுஸ் சர்ஜன் என்று பெயர்கள் மாறும், நிலைமை ஒன்றுதான்.

கைக்குழந்தையை யாரிடம் விடுவோம்?

கைக்குழந்தையை ஒருவரிடம் விட்டுவிட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை வளர்ப்பைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நாம் கேள்வித்தாள் கொடுப்பதில்லை. குழந்தையைத் தூக்கும்போது தலைக்கு அண்டை கொடுக்கிறாரா, அழுதால் பதறிப்போகிறாரா என்று கண்ணால் பார்க்கிறோம். அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்களை மனதுக்குள் எடை போடுகிறோம். தன்னால் சமாளிக்க முடியாவிட்டால் இவர் உடனே நம்மைக் கூப்பிடுவாரா? குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால் மறைக்காமல் சொல்வாரா?

முதல் நாளே ஓர் இரவு முழுக்க விட்டுவிடவும் மாட்டோம். முதலில் நாம் பக்கத்திலேயே இருப்போம். அப்புறம் சமையலறையில் வேலை பார்த்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்போம். பிறகு அரை மணி நேரம் வெளியே போய்வருவோம். நம்பிக்கை இப்படிப் படிப்படியாகத்தான் கூடுகிறது, ஒவ்வொரு படியையும் ஏற்றிவிடுவது நாம் கண்ணால் கண்ட ஒன்று.

மருத்துவமனையிலும் இதுதான் நடக்கிறது. சீனியர்கள் எப்போதுமே இப்படித்தான் தங்களுக்குள் முடிவெடுத்து வந்திருக்கிறார்கள்: "அந்தப் பையனிடம் தைரியமாக விடலாம்", "அந்தப் பெண் டியூட்டியில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று. அந்த முடிவு ஒருவரின் மனதோடு நின்றுவிடாமல், ஆதாரத்தோடு, எல்லோருக்கும் தெரியும் அளவுகோலில், பலர் சேர்ந்து எடுப்பதாக மாற வேண்டும் என்பதே திறன் அடிப்படை மதிப்பீட்டின் நோக்கம்.

திறன் என்பதில் என்னென்ன அடங்கும்?

ஊசி போடத் தெரிவது கைப்பழக்கம். ஊசி எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்பது அறிவு. எதற்காகப் போடுகிறோம் என்று பயந்துபோன நோயாளிக்குப் புரியும்படி சொல்வது பேச்சு. மருந்துக் குப்பியின் பெயரை இன்னொரு முறை படித்துப் பார்ப்பது பொறுப்பு. இவை எல்லாம் சேர்ந்து, உண்மையான நோயாளியின் முன், தேவையான நேரத்தில் ஒன்றாக வெளிப்பட்டால் அதைத்தான் திறன் என்கிறோம். ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனற்றுப் போகலாம். அதனால்தான் திறனைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டினால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது தெரியாமல் போகிறது.

தேர்வு எங்கே நின்றுவிடுகிறது?

1990-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஒரு எளிய பிரமிடு வரைந்தார். அதன் அடித்தட்டு 'தெரியும்'. அதற்கு மேல் 'எப்படிச் செய்வது என்று தெரியும்'. மூன்றாவது 'செய்து காட்டுவார்'. உச்சியில் 'செய்கிறார்'.

எழுத்துத் தேர்வு கீழே உள்ள இரண்டு தட்டுகளைத்தான் தொடும். மூன்றாவது தட்டுக்கு ஆஸ்கி என்ற தேர்வு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவும் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட முறை அது. மாணவர்கள் வரிசையாகப் பல நிலையங்களுக்குப் போவார்கள். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். சிலவற்றில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். நியாயமான தேர்வு, இன்றும் மிகத் தேவையானது.

ஆனாலும் அது உச்சித் தட்டைத் தொடுவதில்லை. ஆஸ்கி அறையில் கூட்டம் இல்லை, அவசரம் இல்லை, பதினான்கு மணி நேரம் நின்ற களைப்பு இல்லை. கவனிக்கிறார்கள் என்று தெரிந்தே மாணவர் அங்கே கை கழுவுகிறார். யாரும் பார்க்காத இரவு மூன்று மணிக்கு, ஆறாவது நோயாளியிடம் போகும்போது கை கழுவுவாரா என்பது வேறு கேள்வி. தேர்வில் செய்வதும் தினசரிப் பணியில் செய்வதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு ஆதாரமும் உண்டு. நெதர்லாந்தில் பொது மருத்துவர்களை வைத்து நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், சோதனை என்று தெரிந்தபோது அவர்கள் செய்ததையும், சொந்தக் கிளினிக்கில் அடையாளம் தெரியாமல் வந்த நடிப்பு நோயாளிகளிடம் செய்ததையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அனுபவசாலிகள்.

பயிற்சிக் காலம் இந்த உச்சித் தட்டில் நடக்கிறது. உண்மையான நோயாளி, உண்மையான மருந்து, உண்மையான விளைவு. எனவே அங்கே நடக்கும் மதிப்பீடும் அந்த வேலைக்கு உள்ளேயே நடந்தாக வேண்டும். இதற்குப் பணியிட மதிப்பீடு என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பல கூறுகள் ஒன்றுசேர்ந்து நோயாளி முன் வெளிப்படுவது திறன். தேர்வு அறையில் அதன் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடியும். மீதியை வார்டில், வேலை நடக்கும்போதே பார்க்க வேண்டும். தேர்வுகளை யாரும் ஒழிக்கவில்லை, அவை எட்டாத இடத்துக்கு இன்னொரு வழி சேர்ந்திருக்கிறது.

பட்டியல்களும், அவற்றால் வந்த சிக்கலும்

நல்ல மருத்துவருக்கு என்னென்ன வேண்டும் என்று பல நாடுகள் பட்டியல் போட்டன. கனடாவின் கேன்மெட்ஸ் கட்டமைப்பு 1996-இல் ஏழு பாத்திரங்களை வகுத்தது: மருத்துவ நிபுணர், உரையாடத் தெரிந்தவர், குழுவோடு உழைப்பவர், நிர்வகிக்கத் தெரிந்தவர், மக்கள் நலனுக்குக் குரல் கொடுப்பவர், தொடர்ந்து கற்பவர், தொழில் நெறி தவறாதவர். அமெரிக்காவில் 1999-இல் ஆறு திறன்கள் வகுக்கப்பட்டன. இந்தியாவில் 2019-இல் எம்பிபிஎஸ் படிப்பே திறன் அடிப்படைக்கு மாறியது.

பட்டியல் போட்டவர்கள் நல்லதைத்தான் எழுதினார்கள். ஆனால் வார்டில் நிற்கும் ஆசிரியரின் கையில் "உரையாடல் திறன்: ஐந்துக்கு எத்தனை?" என்ற படிவம் வந்தபோது அவர் திகைத்தார். யாரிடம் உரையாடியபோது? மாரடைப்பு என்று சொல்லும்போதா, காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லும்போதா? எதையும் குறிப்பாகக் கேட்காத கேள்விக்கு எல்லோரும் நான்கு போட்டார்கள். இந்தத் தோல்வியைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து வந்த யோசனையின் அருமையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒப்படைக்கும் பணி

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலே டென் கேட் 2005-இல் அந்த யோசனையை முன்வைத்தார். ஆளின் குணங்களை மதிப்பிடுவதற்குப் பதிலாக, அன்றாடம் செய்யும் வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும், 'இதை இவரிடம் ஒப்படைக்கலாமா?' என்று கேட்போம். அப்படிப்பட்ட ஒவ்வொரு வேலையும் ஓர் ஒப்படைக்கும் பணி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இபிஏ என்றே கல்லூரிகளில் சொல்கிறார்கள்.

இபிஏ என்பது தொடக்கமும் முடிவும் உள்ள, மருத்துவமனையில் நிஜமாகவே ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். நோயாளியிடம் விவரம் கேட்டு உடலைப் பரிசோதிப்பது ஒரு பணி. மருந்துச் சீட்டு எழுதுவது ஒன்று. சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்குவது ஒன்று. டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது ஒன்று. ஒரு நோயாளியின் நிலை மோசமாகிறது என்று கண்டுகொண்டு அவசர சிகிச்சையைத் தொடங்குவது இன்னொன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2014-இல், படிப்பை முடித்து முதல் நாள் பணிக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்க வேண்டிய 13 இபிஏ-க்களை வெளியிட்டது. மேலே சொன்னவை எல்லாம் அதில் இருக்கின்றன.

பழைய பட்டியல்கள் வீணாகவில்லை. மூச்சுத்திணறலோடு வந்த நோயாளியைப் பார்ப்பது என்ற ஒரே பணிக்குள் அறிவும் கைப்பழக்கமும் உரையாடலும் குழு உணர்வும் தானாகவே அடங்கிவிடுகின்றன. செவிலியர் "டாக்டர், இவருக்கு இன்னும் மோசமாகுது" என்று சொல்லும்போது காது கொடுக்கிறாரா என்பதில் 'குழுவோடு உழைப்பவர்' என்ற பாத்திரம் முழுவதும் தெரிந்துவிடும்.

ஐந்து படிகள்

ஒவ்வொரு பணிக்கும் ஐந்து படிகள் உண்டு. முதல் படியில் பயிற்சி மருத்துவர் வேடிக்கை மட்டும் பார்க்கலாம், செய்யக் கூடாது. இரண்டாவதில் சீனியர் அதே அறையில் நின்று பார்க்க, இவர் செய்யலாம். மூன்றாவதில் சீனியர் அறையில் இருக்க வேண்டியதில்லை, கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் இருந்தால் போதும். நான்காவதில் தனியாகச் செய்யலாம். ஐந்தாவதில் மற்றவர்களை மேற்பார்வை பார்க்கலாம்.

பயிற்சிக் காலம் முடியும்போது எல்லாப் பணியிலும் நான்காவது படிக்கு வந்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதிர்பார்ப்பதில்லை. மேலே சொன்ன அமெரிக்கப் பட்டியலே, உடனடி மேற்பார்வை இல்லாமல் செய்ய முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஏறத்தாழ மூன்றாவது படி. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படி ஆளுக்குரியது இல்லை, ஆளும் பணியும் சேர்ந்த ஜோடிக்குரியது. அதே பெண் காயத்துக்குத் தையல் போடுவதில் நான்காவது படியிலும், இறப்புச் செய்தியைக் குடும்பத்திடம் சொல்வதில் இரண்டாவது படியிலும் இருக்கலாம். "நல்ல மாணவி", "சுமாரான மாணவர்" என்ற முத்திரைகளுக்கு இந்த முறையில் இடமே இல்லை. எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான், மாணவருக்குக் கிடைக்கும் பெரிய நியாயமும் இதுதான்.

கனடாவின் ஒட்டாவாவில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்காக உருவாக்கிய அளவுகோல் ஒன்று இதையே திருப்பிப் போட்டுக் கேட்கிறது. மாணவர் எப்படி என்று கேட்காமல், நீங்கள் என்ன செய்ய வேண்டி வந்தது என்று மேற்பார்வையாளரைக் கேட்கிறது. "நானே செய்ய வேண்டி வந்தது", "ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது", "அவ்வப்போது எடுத்துக்கொடுத்தேன்", "எதற்கும் இருக்கட்டும் என்று அறையில் நின்றேன்", "நான் தேவைப்படவே இல்லை". 'சராசரிக்கு மேல்' என்று டிக் போடுபவர் கூட, தான் கை வைக்க வேண்டி வந்ததா இல்லையா என்பதற்கு உண்மையைத்தான் சொல்வார், ஏனென்றால் அது நடந்த ஒன்று.

சீனியர் எதை நம்பி ஒப்படைக்கிறார்?

2008-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு, மேற்பார்வை மருத்துவர்கள் ஒருவரைத் தனியே விடும் முன் மனதில் எதையெல்லாம் எடை போடுகிறார்கள் என்று ஆராய்ந்தது. நான்கு விஷயங்கள் கிடைத்தன: அறிவும் கைத்திறனும், தன் எல்லையை அறிந்திருப்பது, உண்மை சொல்வது, பொறுப்போடு கவனிப்பது. நான்கில் மூன்று எந்த எழுத்துத் தேர்விலும் வராது.

ரவுண்ட்ஸில் தினமும் நடக்கும் ஒன்றைப் பாருங்கள். "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்கிறார் பேராசிரியர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்காத பயிற்சி மருத்துவர் ஒருவர், "பார்க்கவில்லை மேடம், இப்போது பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார். திட்டு விழுகிறது. இன்னொருவர் தயங்காமல் "நார்மல் மேடம்" என்கிறார், திட்டு விழவில்லை. ஆனால் ஒப்படைக்கும் கண்ணோடு பார்த்தால் இரண்டாமவர்தான் ஆபத்தானவர். பொட்டாசியம் ஏறியிருந்தால் இதயம் நின்றுபோகலாம். அவர் சொல்லும் எந்த எண்ணையும் இனி யாராவது சரிபார்க்க வேண்டும், அதாவது அவர் இரண்டாவது படியைத் தாண்டவில்லை. தெரியாது என்று சொல்பவரைத் திட்டும் யூனிட், பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது என்பதை மூத்தவர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தன் எல்லையை அறிவது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'நானே என்னை மதிப்பிட்டுக்கொள்கிறேன், எனக்குத் தெரியாதா?' என்று தோன்றும். மருத்துவர்களின் சுயமதிப்பீட்டைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரை, அவர்களின் சுயமதிப்பீடு வெளியார் அளவீட்டோடு பெரும்பாலும் பொருந்தவில்லை என்று காட்டியது. குறைந்த திறனுள்ளவர்களில் சிலரும் அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை உள்ளவர்களில் சிலரும்தான் மிகத் தவறாகக் கணித்தார்கள். ஆகவே வெளியிலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் கட்டாயம் வேண்டும்.

நேரில் பார்ப்பது எப்படி நடக்கிறது?

அதிகம் பயன்படும் கருவிக்குப் பெயர் மினி-சிஇஎக்ஸ். அமெரிக்காவில் ஜான் நார்சினியும் உடனிருந்தவர்களும் 1995-இல் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன் ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு பரிசோதகர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று நீண்ட தேர்வு இருந்தது. அதைச் சின்னச் சின்னதாக உடைத்தார்கள். பதினைந்து, இருபது நிமிடம் சீனியர் பக்கத்தில் நின்று, நிஜ நோயாளியிடம் பயிற்சி மருத்துவர் செய்வதைக் குறுக்கிடாமல் பார்ப்பார். பிறகு ஐந்து பத்து நிமிடம் பின்னூட்டம், அதாவது கண்டதைச் சொல்லி, அடுத்த முறை என்ன மாற வேண்டும் என்று பேசுவது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போடுவது, சிறுநீர்க் குழாய் செலுத்துவது போன்ற கைவேலைகளுக்கு இதேபோல டாப்ஸ் என்ற கருவி இருக்கிறது. செவிலியர், சக பயிற்சி மருத்துவர், நோயாளி எனப் பலரிடமும் கருத்து கேட்பது இன்னொரு வழி. சீனியர் இல்லாதபோது ஒருவர் எப்படி நடக்கிறார் என்று செவிலியர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இந்தக் கருவிகளின் உயிர் பின்னூட்டத்தில் இருக்கிறது. மூச்சுத்திணறல் நோயாளியைப் பயிற்சி மருத்துவர் பார்த்து முடித்ததும் சீனியர், "நல்லா பண்ணீங்க, இன்னும் படிங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நேரம் வீண். அதே சீனியர் இப்படிச் சொல்லலாம்: "வந்ததும் ஆக்சிஜன் அளவு பார்த்தீங்க, உட்கார வெச்சீங்க, ரெண்டும் சரி. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணல. அளவு தொண்ணூத்தாறு காட்டினாலும், முப்பத்தஞ்சு மூச்சு விடுறவர் சீக்கிரம் களைச்சுப் போவார். அடுத்த நோயாளிக்கு முழு நிமிஷம் எண்ணிட்டு என்கிட்ட சொல்லுங்க." இதில் புகழ்ச்சி குறைவு, கண்டது நிறைய. என்ன செய்தார், என்ன விட்டார், அது நோயாளியை எப்படிப் பாதிக்கும், அடுத்து என்ன என்று நான்கும் அந்தச் சில வரிகளில் வந்துவிட்டன. இப்படி ஒரு பின்னூட்டம் கிடைத்தவர் வாழ்நாள் முழுக்க மூச்சை எண்ணுவார்.

சுருக்கமாக: பணியைத் தேர்ந்தெடுக்கிறோம், நேரில் பார்க்கிறோம், கண்டதைச் சொல்கிறோம், எந்தப் படி என்று குறிக்கிறோம். நான்கில் எது விடுபட்டாலும் மீதி மூன்றும் வலுவிழக்கும். பெரும்பாலும் விடுபடுவது நேரில் பார்ப்பதுதான். கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டும், சொல்வதைக் கேட்டுவிட்டும் மதிப்பெண் போடும் பழக்கம் எங்கும் உண்டு. வயிற்றைத் தொட்டே பார்க்காதவர் கூட "வயிறு மிருதுவாக உள்ளது" என்று அழகாக எழுதலாம்.

ஒரு முறை பார்த்தால் ஏன் போதாது?

திறன் என்பது ஆளிடம் நிலையாக இருக்கும் ஒன்று, ஒரு தரம் அளந்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். 1978-இல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. ஒரு நோயில் சிறப்பாக யோசித்த மருத்துவர் வேறொரு நோயில் தடுமாறினார். ஒரு நோயாளியிடம் எப்படிச் செய்தார் என்பதை வைத்து அடுத்த நோயாளியிடம் எப்படிச் செய்வார் என்று கணிக்க முடியவில்லை.

பார்ப்பவர்களும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் இயல்பிலேயே கண்டிப்பானவர், இன்னொருவர் தாராளமானவர். மாணவரின் பேச்சு நன்றாக இருந்தால் கைவேலைக்கும் சேர்த்து மதிப்பு கூடிவிடும். தனக்கு முன் வந்தவர் மோசமாகச் செய்திருந்தால் அடுத்தவர் பிரமாதமாகத் தெரிவார். பயிற்சிப் பட்டறைகளால் இது ஓரளவு குறையும், முழுதாகப் போகாது.

தீர்வு எண்ணிக்கையில் இருக்கிறது. பல நோயாளிகள், பல நாட்கள், பல கண்கள். மினி-சிஇஎக்ஸ் போன்ற கருவியில் ஒன்றிரண்டு பார்வைகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்தை ஒட்டிய எண்ணிக்கை சேரும்போதுதான் படம் தெளிகிறது. ஒருவரின் கண்டிப்பும் இன்னொருவரின் தாராளமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும்.

முடிவு யார் கையில்?

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டைச் சேர்ந்த வான் டெர் வ்லூட்டனும் ஷூவிர்த்தும் 2005 முதல் வலியுறுத்தி வருவது, தனித்தனிக் கருவிகளைவிட மொத்தத் திட்டமே முக்கியம் என்பது. தினசரிப் பார்வைகள் ஒவ்வொன்றும் கற்றலுக்காக மட்டும் இருக்கட்டும். அதில் ஒரு நாள் சறுக்கினால் யாரும் தோற்கக் கூடாது. அவை எல்லாம் கோப்பில் சேர்ந்த பிறகு, ஒரு குழு உட்கார்ந்து மொத்தத்தையும் படித்து, இந்தப் பணியில் இவரை அடுத்த படிக்கு ஏற்றலாமா என்று முடிவெடுக்கட்டும். இதைத் திறன் மதிப்பீட்டுக் குழு என்கிறார்கள். ஒரே ஒரு சீனியரோடு ஒத்துவராமல் போனதால் ஒருவரின் எதிர்காலம் கெடுவதையும், எல்லோருக்கும் பிடித்தவர் என்பதற்காக ஆபத்தான ஒருவர் தாண்டிப்போவதையும் குழு ஓரளவு தடுக்கும்.

குழு 'இன்னும் இல்லை' என்று சொன்னால் அது தண்டனை ஆகாது. எந்தப் பணியில், எந்தக் கூறில் குறை என்று தெரிந்திருப்பதால் அதற்கு மட்டும் கூடுதல் பயிற்சி கொடுத்து மறுபடி பார்க்கலாம். மருந்தளவு கணக்கிடுவதில் தடுமாறுபவர் முழு மருத்துவப் பிரிவையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

லாக்புக் எண்ணிக்கை எதைச் சொல்லும்?

'பிரசவம் பார்த்தது: 10' என்ற பதிவு, பத்து முறை வாய்ப்புக் கிடைத்தது என்று சொல்லும். அது தேவையான தகவல்தான், வாய்ப்பே கிடைக்காதவரை மதிப்பிட முடியாது. ஆனால் பத்தாவது முறையும் சீனியர் கையைப் பிடித்துச் செய்யவைத்தாரா, நான்காவது முறையே நிதானமாகச் செய்தாரா என்று அதில் இல்லை. தவறான பழக்கத்தோடு ஐம்பது முறை செய்தால் தவறு கெட்டிப்படும், அவ்வளவுதான். நாட்கணக்கும் அப்படியே. பிரிவில் இத்தனை வாரம் இருந்தார் என்பதிலிருந்து அங்கே எந்தப் படிக்கு வந்தார் என்று தெரியாது.

எங்கே தடுமாறுகிறது?

இந்த முறை எழுத்தில் இருப்பது போல எல்லா இடத்திலும் நடக்கவில்லை. கூட்டம் நிறைந்த வார்டில் இருபது நிமிடம் ஒருவரையே கவனித்து நிற்க நேரம் கிடைப்பது கடினம். அதனால் பிரிவு முடியும் கடைசி நாளில் எல்லாப் படிவங்களும் மொத்தமாக வந்து, நினைவில் இருப்பதை வைத்து நிரப்பப்படுகின்றன. அது மதிப்பீடு ஆகாது. நேர்மையாக நடந்த மூன்று பார்வைகள், கடைசி நாளில் நிரப்பிய முப்பது படிவங்களைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

தோல்வி என்று எழுதத் தயங்குவது இன்னொரு நோய். மாணவர் மனம் நோகும், அப்பீல் வரும், நம் ஒருவருக்கு மட்டும் ஏன் வம்பு என்று நல்லவர்களும் 'திருப்தி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தின் விலையை ஒரு நாள் யாரோ ஒரு நோயாளி கொடுப்பார். படிகளைக் கொண்ட அளவுகோல் இங்கே கொஞ்சம் உதவுகிறது. 'தோற்றார்' என்று எழுதுவதைவிட, 'இன்னும் அறையில் ஒருவர் நிற்க வேண்டும்' என்று எழுதுவது எளிது, துல்லியமும் கூட.

அப்புறம், நோயாளி. அவர் பயிற்சிப் பொருள் இல்லை. பார்ப்பவர் பயிற்சியில் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. படிகள் ஒழுங்காக நடக்கும் இடத்தில் இதைச் சொல்வது கடினமாக இருக்காது, ஏனென்றால் தேவையான தூரத்தில் தேவையான ஆள் நிற்கிறார் என்று உண்மையாகவே சொல்ல முடியும்.

பயிற்சியில் இருப்பவர் நாளையே செய்யக்கூடியது

முறை சரியாக அமையட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சீனியரிடம் "என்னை மதிப்பிடுங்கள்" என்று படிவத்தை நீட்டினால் அவர் கையெழுத்துதான் போடுவார். கேள்வியைச் சிறிதாக்குங்கள். "சார், அடுத்த நோயாளிக்கு நான் வயிற்றைப் பரிசோதிப்பதை மட்டும் ரெண்டு நிமிஷம் பாருங்களேன், கல்லீரலைத் தொட்டு உணர்வதில் எனக்குச் சந்தேகம்" என்று கேட்டால் பெரும்பாலும் வருவார். பரிசோதனைக்கு முன்பே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும், "இதைத் தனியாகச் செய்ய விடுவீர்களா? விட மாட்டீர்கள் என்றால் எதைப் பார்த்த பிறகு விடுவீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே லாக்புக்கில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அதே பணியை வேறொரு சீனியர் முன், வேறொரு நோயாளியிடம், சில நாட்கள் கழித்து மறுபடி செய்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.